அடோபோவா, வெள்ளை அடோபோவா, ஹும்பாவா? பிலிப்பீன்ஸ் பன்றிக்கறியில் உங்கள் அடுப்புக்கு ஏற்றது எது

பிலிப்பீன்ஸில் பன்றிக்கறி சாப்பிடும் வீடுகளில் அதை வினிகர் ஊற்றி மெல்லிய தீயில் வேகவைக்காத வீடு அரிது. ஆனால் ஒரு வீட்டுக் கைப்பக்குவம் பக்கத்து வீட்டோடு ஒத்துப்போகாது. 2021 ஜூலையில் அந்நாட்டு வணிக, தொழில் துறை, அடோபோ எனும் இந்த வினிகர்க் கறிக்கு ஒரு தர வரையறை எழுத முனைந்தபோது மக்கள் கொதித்துப் போனார்கள். வெளிநாடுகளில் அறிமுகம் செய்வதற்காகத்தான், வீட்டுச் சமையலைக் கட்டுப்படுத்த அல்ல என்று துறை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எனவே 'அசல் செய்முறை எது' என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்களிடம் என்ன கறி இருக்கிறது, என்ன வினிகர் இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். எதைச் சமைப்பது என்பதை அந்த மூன்றும் சொல்லிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடையில் கிடைத்த சாதாரண வினிகரும் தோள்பட்டைக் கறியும் இருந்தால் சோயா சாஸ் சேர்த்த அடோபோ. கள், கரும்பு, தேங்காய் என ஏதாவதொன்றில் இயற்கையாகப் புளித்த நல்ல வினிகர் கையில் இருந்தால் சோயா இல்லாத வெள்ளை அடோபோ. தோலோடு கூடிய வயிற்றுக்கறியும் இரண்டரை மணி நேரமும் இருந்தால், இனிப்பு முன்னே நிற்கும் ஹும்பா. முதன்முதலாகச் செய்பவர் சோயா அடோபோவில் தொடங்கட்டும். அதில் பிசகினாலும் சரிசெய்ய வழி உண்டு. வெள்ளை அடோபோவில் வினிகர் மட்டமாக இருந்தால் அதை மறைக்க ஒன்றுமே இல்லை.

மூன்றும் எங்கே பிரிகின்றன

அடோபோ என்ற பெயர் ஸ்பானியர் தந்தது. ஊறவைத்தல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. சமைக்கும் முறை உள்ளூர் மக்களுடையது. 1613-இல் அச்சான தகலோக் மொழிச் சொல்லகராதியில், ஸ்பானியத் துறவி பெத்ரோ தெ சான் புவெனவென்துரா இதை 'உள்ளூர்க்காரர்களின் அடோபோ' என்றே குறித்துவைத்தார். வெப்பநாட்டில் கறி கெடாமலிருக்க வினிகரும் உப்பும் போட்டு வேகவைக்கும் பழக்கம் அது. சோயா சாஸ் சீன வணிகர்கள், குடியேறிகள் வழியாக வந்து சேர்ந்து, பிறகு நாடு முழுவதும் உப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று அடோபோ என்றாலே பழுப்பு நிறம் நினைவுக்கு வருவது அதனால்தான். சோயா சேராத பழைய வகையை 'அடோபோங் புத்தி', அதாவது வெள்ளை அடோபோ என்கிறார்கள்.

ஹும்பா வேறு குடும்பம். தென்சீனத்து ஹொக்கியன் மக்களின் பன்றிக்கறிப் பக்குவம் செபு, லெய்தே, போஹோல் போன்ற விசயாத் தீவுகளில் வேரூன்றி, அங்கே வினிகரையும் கரும்புச் சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டது. பெயரும் ஹொக்கியன் சொல்லின் திரிபுதான். அடோபோவில் புளிப்பும் உப்பும் முன்னே நிற்கும். ஹும்பாவில் இனிப்பு முன்னே, உப்பு அடுத்து, புளிப்பு கடைசியாக நாக்கில் ஒட்டும். திருவிழா, பிறந்தநாள் பந்திகளில் ஹும்பா வருவதும், வாரநாளில் சோற்றுக்கு அடோபோ வருவதும் வழக்கம்.

இன்னும் கிளைகள் உண்டு. பிக்கோல் பகுதியில் கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். பத்தாங்காஸில் சோயாவுக்குப் பதிலாக மஞ்சள் தட்டிப் போடுவார்கள். பன்றிக்காலை முழுதாக நட்சத்திர சோம்போடு வேகவைப்பது 'பாதா தீம்'. அதில் பெரும்பாலும் வினிகரே கிடையாது, மூன்று மணி நேரம் வேண்டும். இவை அனைத்தும் மேலே சொன்ன மூன்றில் கை பழகிய பிறகு தானாக வரும் என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

முதலில் வினிகர்

செய்முறைகள் எல்லாம் 'அரை கப் வினிகர்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உண்மையில் இந்தச் சமையலின் சுவையில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பிலிப்பீன்ஸில் பகுதிக்கு ஒரு வினிகர். கரும்புச் சாற்றிலிருந்து வருவது நாடெங்கும் கிடைக்கும். இலோகோஸ் பகுதியின் கரும்பு வினிகர் நிறத்திலும் மணத்திலும் அடர்த்தியானது. புலாகான் மாநிலத்துப் பாவோம்போங் ஊர் நிப்பா பனையின் வினிகருக்குப் பெயர் போனது. விசயாவிலும் தெற்கிலும் தென்னங்கள் வினிகர். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கள்ளுக்கு அங்கே 'துபா' என்று பெயர். அது புளித்து முற்றினால் வினிகர். இவற்றில் புளிப்போடு லேசான இனிப்பும் கள் மணமும் சேர்ந்தே இருக்கும்.

இதற்கு மிக நெருக்கமானது இலங்கையில் சாதாரணமாகக் கிடைக்கும் தென்னங்கள் வினாகிரி. கோவாவின் கள் வினிகரும் அதே இனம். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை என்பதால் கடையில் எளிதில் அகப்படாது. தேங்காய்த் தண்ணீரிலிருந்து செய்யும் வினிகர் புட்டியில் கிடைக்கிறது, அது போதும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவில் உள்ள பிலிப்பீன்ஸ் கடைகளில் கரும்பு வினிகரும் அந்நாட்டு சோயா சாஸும் கிடைக்கும்.

மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரின் லேபிளைப் படியுங்கள். 'செயற்கை வினிகர்' என்று இருந்தால் அது அசெட்டிக் அமிலமும் தண்ணீரும் மட்டும். ஒரு கரண்டி வினிகரை இரண்டு கரண்டி வெந்நீரில் கலந்து முகர்ந்து, ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். மூக்கைக் குத்திவிட்டு, விழுங்கிய பின் வாயில் ஒன்றுமே மிச்சமில்லை என்றால் செயற்கை. பின்சுவையாகப் பழமோ தானியமோ கள்ளோ ஏதாவது தங்கினால் இயற்கை. செயற்கை வினிகர்தான் கையில் இருக்கிறது என்றால் சோயா அடோபோவோ ஹும்பாவோ செய்யுங்கள். அளவைக் கால் பங்கு குறைத்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேருங்கள். வெள்ளை அடோபோ வேண்டாம். ஆப்பிள் வினிகர் நன்றாகவே பொருந்தும். புளிக்கரைசலை மாற்றாகப் போடவே கூடாது. கறி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது அடோபோ ஆகாது. பிலிப்பீன்ஸிலேயே புளியில் வேகும் கறிக்குச் 'சினிகாங்' என்று தனிப்பெயர் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய விதியையும் பார்த்துவிடலாம். வினிகர் ஊற்றியதும் கொதி வரும்வரை கிளறக்கூடாது, கிளறினால் 'பச்சை' வாசனை தங்கிவிடும் என்பார்கள். கிளறுவதில் பெரிய சங்கதி இல்லை, மூடியில்தான் இருக்கிறது. முதல் 8 முதல் 10 நிமிடம் பாத்திரம் திறந்திருந்தால் மூக்கை அடிக்கும் ஆவி வெளியேறிவிடும். மூடிவிட்டால் அது மூடியில் பட்டு மறுபடி குழம்பிலேயே சொட்டும். ஆனால் கொதித்தால் புளிப்பே போய்விடும் என்று நம்பி ஒரு கப் வினிகர் ஊற்றாதீர்கள். போவது காரமான ஆவிதான். அமிலத்தில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே இருக்கும், குழம்பு வற்ற வற்ற இன்னும் எடுப்பாகும். ஒரு கிலோ கறிக்கு 160 மில்லிக்கு மேல் எந்த வகைக்கும் தேவையில்லை.

எந்த இடத்துக் கறி

பிலிப்பீன்ஸ் கறிக்கடையில் வயிற்றுக்கறி 'லியெம்போ', தோள்பட்டை 'காசிம்', பின்தொடை 'பீகே', கால் 'பாதா'. இவற்றில் பீகே மட்டும் இந்தச் சமையலுக்கு ஆகாது. கொழுப்பும் சவ்வும் குறைந்த சதை அது. ஒரு மணி நேரம் வெந்தால் நார் நாராகப் பிரிந்து, குழம்பில் கிடந்தும் உலர்ந்துபோய் இருக்கும். மற்ற துண்டுகளில் உள்ள சவ்வும் தோலும் நீண்ட நேரம் வெந்து பசையாக உருகுவதால்தான் குழம்பு உதட்டில் ஒட்டும். அது சுமார் 70 டிகிரிக்கு மேல் மெல்ல நடக்கும் வேலை. தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் சதை இறுகும், சவ்வு அப்படியே இருக்கும்.

சோயா அடோபோவுக்கு அரைக்கு அரை தோள்பட்டையும் வயிறும் கலந்தால் எடுப்பாக வரும். தோள்பட்டை மட்டும் இருந்தாலும் போதும். வெள்ளை அடோபோ கடைசியில் தன் கொழுப்பிலேயே வறுபட வேண்டியது என்பதால் வயிறு பாதியாவது இருக்க வேண்டும். ஹும்பாவுக்குத் தோலோடு வயிறு மட்டுமே. தோல் இல்லாமல் செய்தால் இனிப்புக் குழம்பில் மிதக்கும் கறிதான் கிடைக்கும், அந்த ஜவ்வுத்தன்மை வராது.

கடைக்காரரிடம் துண்டின் அளவைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் குழம்புக்கு வெட்டுவதுபோல் சின்னச் சின்னதாகப் போட்டுவிடுவார். அடோபோவுக்கு 4 சென்டிமீட்டர், ஹும்பாவுக்கு 5 சென்டிமீட்டர் சதுரம் வேண்டும். வெந்தால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். தோலில் மயிர் இருந்தால் அடுப்புத் தீயில் வாட்டிக் கத்தியால் சுரண்டிக் கழுவுங்கள்.

சோயா அடோபோ: ஒரு கிலோவுக்கு

வினிகர் 120 மில்லி, சோயா சாஸ் 80 மில்லி, தண்ணீர் 300 மில்லி, நசுக்கிய பூண்டு ஒரு முழுக்கட்டி (40 முதல் 50 கிராம்), முழு மிளகு ஒரு தேக்கரண்டி, லாரல் இலை மூன்று. சர்க்கரை விருப்பம், போட்டால் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

உப்பு போடாதீர்கள். 80 மில்லி சோயாவிலேயே ஏறக்குறைய 12 கிராம் உப்பு இருக்கிறது, ஒரு கிலோ கறிக்கு அதுவே சரியான அளவு. பலருடைய அடோபோ உப்புக் கரிப்பதற்குக் காரணம், குழம்பு தண்ணீராக இருக்கும்போது ருசி பார்த்து 'உப்புப் பத்தாது' என்று சேர்ப்பதுதான். அது பாதியாக வற்றும்போது கரிப்பு இரட்டிப்பாகும். சோயாவில் மெல்லிய, உப்பான வகையை எடுங்கள். 'டார்க்' என்று எழுதிய கெட்டியான வகை நிறத்துக்கானது. அதை மட்டும் ஊற்றினால் கறி கருத்து, வெல்லப்பாகுபோல மணக்கும்.

லாரல் இலை பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை வேறு மரம், பட்டையின் உறவு. இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் அது பிரிஞ்சி. நடுவே ஒரே நரம்பும் பக்கவாட்டுக் கிளைகளும் இருந்தால் லாரல். பிரிஞ்சியைப் போட்டால் அடோபோவில் பட்டை வாசனை ஏறி, வாயில் வைத்ததும் பிரியாணி நினைவு வரும். லாரல் கிடைக்காவிட்டால் இலையே போடாமல் விடுவது மேல்.

எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் மூடாமல் 10 நிமிடம். பிறகு தீயைக் குறைத்து, அங்கங்கே ஒரு குமிழி எழும் அளவுக்கு வைத்து, மூடியைச் சற்றே திறந்த நிலையில் 60 முதல் 75 நிமிடம். முள்கரண்டி தோள்பட்டைத் துண்டில் அழுத்தாமல் இறங்கினால் வெந்துவிட்டது. கோழியும் சேர்ப்பவர்கள் தொடைத் துண்டுகளைக் கடைசி 35 நிமிடத்தில் போடட்டும். உருளைக்கிழங்கு சேர்க்கும் வீடுகளில் 'கிழங்கு வேகவே மாட்டேனென்கிறது' என்ற புகார் வரும். புளிப்பில் கிழங்கு இறுகித்தான் நிற்கும். தனியே முக்கால் பதம் அவித்து, கடைசியில் சேர்ப்பதே வழி.

வெள்ளை அடோபோ

வினிகர் 160 மில்லி, தண்ணீர் 350 மில்லி, கல்லுப்பைப் பொடித்து 10 கிராம், பூண்டு ஒன்றரைக் கட்டி, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, லாரல் மூன்று. மீன் சாஸ் பழக்கமானவர்கள் உப்பைப் பாதியாக்கி ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸ் ஊற்றலாம்.

வேகவைப்பது மேலே சொன்னதுபோலத்தான். வேறுபாடு முடிவில். இதைக் குழம்போடு பரிமாறினால் வெளிறிப்போய், சோற்றில் புளித்தண்ணீராக ஓடும். முழுக்க வற்றவிட்டு, கறியிலிருந்து இறங்கிய கொழுப்பிலேயே வறுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை பெரிய குமிழிகளாகத் 'தளதள' என்று கொதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழிகள் சிறுத்து, நெருங்கி, சத்தம் 'சடசட' என்று மாறும். குழம்பு கலங்கலாக இருந்த இடத்தில் தெளிந்த எண்ணெய் ஓரங்களில் ஒதுங்கும். தண்ணீர் போய்க் கொழுப்பு பொரிக்கத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. அப்போது தீயை நடுத்தரமாக்கி 6 முதல் 8 நிமிடம் திருப்பிக் கொடுங்கள். அடியில் பிடித்த பூண்டுத் தூள் பொன்னிறம் தாண்டுமுன் இறக்கிவிட வேண்டும். பூண்டு கருகினால் மொத்தக் கறியும் கசக்கும். பூண்டுப் பற்களை வற்றும் நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் திரும்பப் போடுவது பாதுகாப்பு.

வினிகரில் வேகும் பூண்டு சில நேரம் நீலப்பச்சையாக மாறும். பாத்திரத்தின் குற்றமோ நஞ்சோ அல்ல, பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் காட்டும் நிறம். அப்படியே சாப்பிடலாம்.

நல்ல வினிகர் வாய்த்தவர்களுக்கு இந்த மூன்றில் எங்கள் முதல் வாக்கு வெள்ளை அடோபோவுக்கே. கறியின் சொந்த ருசி தெரிவது இதில் மட்டும்தான்.

ஹும்பா

வயிற்றுக்கறி ஒரு கிலோ, சோயா 80 மில்லி, வினிகர் 80 மில்லி, தண்ணீர் 500 மில்லி, பூண்டு ஆறு பல், மிளகு ஒரு தேக்கரண்டி, லாரல் மூன்று, நட்சத்திர சோம்பு ஒன்று, 'தாவுசி' எனும் புளித்த கருப்பு சோயா மொச்சை இரண்டு மேசைக்கரண்டி, கரும்புச் சர்க்கரை 80 முதல் 100 கிராம்.

சர்க்கரைக்கு அங்கே மஸ்கொவாடோ போடுகிறார்கள். பாகு பிரிக்காத கரும்புச் சர்க்கரை. நம் நாட்டுச் சர்க்கரை அதற்கு அச்சு அசலான மாற்று. கருப்பட்டி போட்டால் அதன் புகைமணம் நட்சத்திர சோம்போடு மோதும், தவிருங்கள். வெள்ளைச் சர்க்கரையில் இனிப்பு மட்டும் வரும், ஆழம் வராது. தாவுசியை வடிகட்டியில் போட்டுக் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். அது உப்பில் ஊறியது. கழுவாமல் கொட்டினால் அடோபோவில் சொன்ன அதே கரிப்பு இங்கேயும் வரும்.

அடுத்தது, தமிழ்ச் சமையலறையில் கண்டிப்பாகத் தவறு நடக்கும் இடம். செய்முறையில் 'உலர்ந்த வாழைப்பூ' என்று இருக்கும். உடனே நம் வாழைப்பூவை ஆய்ந்து போடத் தோன்றும். வேண்டாம், துவர்ப்பு ஏறிவிடும். அந்தப் பெயரில் பாக்கெட்டில் விற்பது பெரும்பாலும் உலர்ந்த லில்லி மொட்டுகள்தான். விரல் நீளத்தில் பழுப்பு மஞ்சளாக, காய்ந்த புல்போல் இருக்கும். 25 கிராம் எடுத்து வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, காம்பு நுனியைக் கிள்ளி, ஒவ்வொன்றையும் ஒரு முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். முடிச்சுப் போட்டால் நீண்ட நேரம் வெந்தும் பிரிந்து கரையாது, குழம்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சீனப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஹும்பா அது இல்லாமலும் ஹும்பாதான்.

வயிற்றுக்கறியை முதலில் வெறும் வாணலியில், தோல் கீழே இருக்கும்படி, லேசாக நிறம் மாறும்வரை வாட்டுங்கள். பிறகு சர்க்கரை, தாவுசி, மொட்டு தவிர மற்றதெல்லாம் சேர்த்துத் திறந்து 10 நிமிடம், மூடி ஒரு மணி நேரம். அதன் பிறகுதான் சர்க்கரையும் தாவுசியும் மொட்டும். முதலிலேயே சர்க்கரை போட்டால் அடியில் படிந்து பிடிக்கும், கவனிக்கும்முன் கருகிவிடும். மேலும் 40 முதல் 60 நிமிடம், அவ்வப்போது பாத்திரத்தைக் குலுக்கி. தோலைக் கரண்டியின் விளிம்பால் அழுத்தினால் அறுபட வேண்டும், அதுவே பதம். குழம்பு கரண்டியின் பின்புறத்தில் பூசினதுபோல் நின்றால் அடுப்பை அணைக்கலாம். ஆறினால் இன்னும் கெட்டியாகும், எனவே ஒரு படி முன்பே நிறுத்துங்கள்.

முதலில் வறுப்பதா, கடைசியில் வறுப்பதா

சோயா அடோபோவில் இதுதான் பெரிய வழக்கு. கறியை முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்துவிட்டுப் பிறகு வேகவைப்பது உணவகங்களிலும் புதிய செய்முறைகளிலும் காணப்படுகிறது. குழம்புக்கு வறுபட்ட சுவை இறங்கும் என்பது அதன் நியாயம். ஆனால் அந்த மொறுமொறுப்பு ஒரு மணி நேரக் கொதியில் ஊறிப்போய்விடும். சோயாவில் ஊறவைத்த கறியை வறுத்தால் சோயா கருகி அடிப்பிடிக்கும் தொல்லை வேறு.

கடைசியில் வறுப்பதே மேல் என்பது எங்கள் முடிவு. வெந்த கறியைத் துளைக்கரண்டியால் எடுத்து வையுங்கள். குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி 10 நிமிடம் விட்டால் கொழுப்பு மேலே தெளிந்து நிற்கும். அதிலிருந்து மூன்று மேசைக்கரண்டி எடுத்து அகன்ற வாணலியில் சூடாக்கி, கறியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஈரத்தோடு போட்டால் முகத்தில் தெறிக்கும். நெருக்கிப் போட்டால் வறுபடாமல் வேகும். ஒரு பக்கம் மூன்று நிமிடம் தொடாமல் விட்டுத் திருப்புங்கள். அந்த நேரத்தில் பக்கத்து அடுப்பில் குழம்பு பாதியாக வற்றட்டும். கடைசியில் இரண்டையும் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டினால் ஓரங்கள் முறுகி, உள்ளே வெண்ணெயாக, மேலே குழம்பு பளபளவென்று பூசிய கறி கிடைக்கும். கூடுதல் கொழுப்பைத் தனியே எடுத்துவிடுவதால் தட்டில் எண்ணெய் ஓடாது என்பதும் இதில் லாபம்.

ஹும்பாவுக்கு இது பொருந்தாது. சர்க்கரைக் குழம்பு பூசிய கறியைக் கடைசியில் வறுத்தால் கருகிவிடும். அதற்கு முன்வாட்டலே சரி.

குக்கர், மண்சட்டி, இரும்பு

குக்கரில் செய்யலாமா என்றால் சோயா அடோபோவை மட்டும் செய்யலாம். தண்ணீரை 150 மில்லியாகக் குறைத்து, முதலில் மூடாமல் 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே மூடினால் வினிகர் ஆவி உள்ளேயே சிக்கி, திறக்கும்போது கண் எரியும், கறியிலும் அந்த நெடி நிற்கும். விசில் வந்ததும் தீயைக் குறைத்துத் தோள்பட்டைக்கு 20 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். பிறகு திறந்து வற்றவைத்து வறுப்பது கட்டாயம். வெள்ளை அடோபோவில் மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான், ஏனென்றால் வற்றவைப்பதில்தான் நேரம் போகிறது. ஹும்பா குக்கரில் குழைந்து, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

அலுமினியக் குக்கரும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டவே வேண்டாம். அமிலம் உலோகத்தை அரித்து, குழம்பு சாம்பல் நிறமாகி நாக்கில் காசு வைத்ததுபோல் இருக்கும். பழக்கப்பட்ட இரும்புச் சட்டியிலும் ஒரு மணி நேர வினிகர்க் கொதி எண்ணெய்ப் பூச்சை உரித்துவிடும். எவர்சில்வர், எனாமல், மண்சட்டி மூன்றில் எது இருந்தாலும் நல்லது. பிலிப்பீன்ஸில் பழைய வீடுகளில் 'பாலாயோக்' எனும் மண்சட்டிதான். மீன்குழம்புக்கு மண்சட்டி வைத்திருக்கும் வீட்டில், அதன் மீன்வாசனை பன்றிக்கறிக்கு ஒட்டும் என்பதால் வேறு சட்டி எடுங்கள்.

பிசகினால்

புளிப்பு அதிகமா? தண்ணீர் ஊற்றாதீர்கள், எல்லாமே நீர்த்துப்போகும். அரைத் தேக்கரண்டி சர்க்கரை, பிறகு ருசி, தேவையானால் இன்னும் அரை. அதற்கும் அடங்காவிட்டால் 100 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதி விடுங்கள், பிக்கோல் பக்குவமாகிவிடும். உப்பு அதிகமானால் கறியை எடுத்துவிட்டுக் குழம்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டி, அதே அளவு வெந்நீர் சேர்த்து மறுபடி சூடாக்குவதுதான் வழி. ஒன்றே கால் மணி நேரம் கழித்தும் கறி ரப்பராக இருந்தால் தீ அதிகமாக இருந்திருக்கிறது அல்லது கடைக்காரர் தொடைக்கறி கொடுத்திருக்கிறார். முதல் காரணமென்றால் ஒரு கப் வெந்நீரும் இன்னொரு அரை மணியும் சரிசெய்துவிடும். இரண்டாவது என்றால் வேகவைப்பதை நிறுத்திவிட்டு மெல்லிய இழைகளாகப் பிய்த்துக் கொழுப்பில் வறுத்துவிடுங்கள்.

அப்படிப் பிய்த்து வறுப்பது ஒப்பேற்றல் அல்ல, அங்கே மறுநாள் காலையில் விரும்பிச் செய்வது. இரவு மிஞ்சிய அடோபோ ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும். மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பை எடுத்து வாணலியில் உருக்கி, அதில் நசுக்கிய பூண்டு ஐந்து பல்லைப் பொன்னிறமாக்கி, பழைய சோற்றை உதிர்த்துப் போட்டு உப்போடு கிளறினால் 'சினாங்காக்' எனும் பூண்டுச் சோறு. சோறு முந்தின நாளுடையதாக, கை ஒட்டாமல் உதிர வேண்டும். சுடச்சுட வடித்ததைப் போட்டால் களியாகும். பிய்த்த கறியை அதே வாணலியில் முறுகவிட்டு மேலே போட்டு, ஒரு முட்டையை ஓரம் மொறுமொறுக்கப் பொரித்து வைத்து, தொட்டுக்கொள்ள அதே வினிகரில் நறுக்கிய சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் போட்டுக் கொடுங்கள்.